மங்களத்தின் தரையில் நான் ஊற்றியது

காத்தோங் விநாயகர் துணை

குவீன்ஸ்டவுன்
ஞாயிற்றுக்கிழமை காலை

என் மதிப்புக்கும் கொஞ்சம் பயத்துக்கும் உரிய மச்சான் மருதப்பன் அவர்களுக்கு, உங்கள் தங்கையின் கணவன் கோவிந்தசாமி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. அங்கே நீங்களும், நான் தங்கச்சி என்று கூப்பிடும் உங்கள் மனைவியும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். மங்களம் உங்கள் வீட்டில் இருப்பதால் சாப்பாட்டுக்காவது குறை இருக்காது. இங்கே நான் நலம் என்று எழுதத்தான் கை போகிறது, ஆனால் நலமில்லை. காலையில் ரொட்டி, மத்தியானம் கீழே காப்பிக்கடையில் ஏதோ ஒன்று, ராத்திரி மறுபடி ரொட்டி என்று காலம் ஓடுகிறது.

போன வாரம் நான் போன் செய்தபோது, "மாப்பிள்ளை, நீங்க பேச ஆரம்பிச்சா லெக்சராத்தான் முடியும். சொல்ல வேண்டியத எழுதி அனுப்புங்க, நான் நிதானமா படிச்சுக்கிறேன்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டீர்கள். நியாயம்தான். மங்களத்துக்கு வாட்ஸ்அப்பில் நான் அனுப்புவதெல்லாம் நீலக் குறியாக மாறுகிறதே தவிர பதில் வருவதில்லை. மகள் ரக்ஷனாவைக் கேட்டால், பொங்கோலில் இருந்துகொண்டே, இது உங்கள் இரண்டு பேர் விஷயம், என்னை இழுக்காதீர்கள் என்கிறாள். ஆகவே மங்களம் ஏன் வீட்டை விட்டு வந்தாள் என்பதை நானே உங்களுக்கு எழுதுகிறேன். அவள் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டாள். அண்ணனிடம் புருஷனை விட்டுக்கொடுக்கிற பழக்கம் அவளுக்குக் கிடையாது. எனக்குத்தான் அவளை விட்டுக்கொடுக்கிற பழக்கம் இருக்கிறது என்று இப்போது தெரிகிறது.

பேருந்துப் பணிமனையில் மேற்பார்வையாளராக இருந்தவரை எந்த வண்டியை எப்போது கழுவ வேண்டும், யார் எப்போது டீ குடிக்கப் போகலாம் என்பதெல்லாம் என் வாய்ச்சொல்லில் நடந்தது. ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்த பிறகு மேற்பார்வை பார்க்க மிஞ்சியது மங்களம் ஒருத்திதான். அரிசியை ஏன் மூன்று தடவை கழுவுகிறாய், துணியை ஏன் இந்தப் பக்கமாகக் காயப்போடுகிறாய் என்று நான் கேட்டுக்கொண்டே பின்னால் நடப்பதைப் பொறுக்க முடியாமல், சமூக மன்றத்தில் என்னென்னவோ வகுப்பு நடக்கிறதாம், போய்ப் பாருங்களேன் என்று அவளே பேர் கொடுத்து அனுப்பிவைத்தாள். தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டது அங்கேதான். அது வீட்டைச் சுத்தம் செய்யும் பொருள்களை இயற்கை முறையில் நாமே தயாரிக்கிற வகுப்பு. பழத்தோல், சர்க்கரை, தண்ணீர் மூன்றையும் பாட்டிலில் அடைத்துவைத்தால் என்ஸைம் என்று ஒரு திரவம் வருமாம், அது அடுப்புக்கும் ஆகும், கழிவறைக்கும் ஆகும். சொல்லிக்கொடுத்த அம்மாவைக் குறை சொல்ல மாட்டேன். மூன்று மாதம் பொறுத்திருங்கள், ஆரம்பத்தில் தினமும் மூடியைத் திறந்து காற்றை வெளியே விடுங்கள், கல் தரையில் புளிப்பான எதையும் ஊற்றாதீர்கள் என்று அவர் தெளிவாகத்தான் சொன்னாராம். நான் அந்த நேரத்தில் பக்கத்து நாற்காலிக்காரருக்கு விளக்கம் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்த கையோடு, சமையல் மேடைக்கு அடியில் மங்களம் வைத்திருந்த பாட்டில்களையெல்லாம் வெளியே எடுத்து வரிசையாக நிறுத்தினேன். நீலத்தில் ஒன்று, பச்சையில் ஒன்று, தரைக்கென்று அவள் ஜாலான் புசாரில் போய்த் தேடி வாங்கிவரும் வெள்ளைப் பாட்டில் ஒன்று. எல்லாம் ரசாயனம், எல்லாம் விஷம், இனிமேல் இந்த வீட்டுக்குள் இவை வரக்கூடாது என்று அறிவித்து, அவ்வளவையும் பக்கத்து வீட்டு யும்னாவிடம் கொடுத்துவிட்டேன். விஷம் என்று நான் சொன்னதை அந்தப் பெண் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நன்றி சொல்லி வாங்கிக்கொண்டாள். மங்களம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். அந்த வெள்ளைப் பாட்டிலையாவது விட்டுவையுங்களேன் என்றாள். ஒரு விதி என்றால் எல்லாருக்கும் ஒரே விதிதான் என்று பணிமனையில் பேசுகிற மாதிரி பேசினேன்.

தோலுக்காக நான் பட்ட பாட்டையும் சொல்ல வேண்டும். தேக்காவில் ஒரு பழச்சாற்றுக் கடையில் அன்னாசித் தோலும் எலுமிச்சைத் தோலும் மூட்டையாகக் கிடைக்கும் என்று தெரிந்து, நாள் தவறாமல் போய் வாங்கிவந்தேன். ஒரு நாள் பேருந்தில் மூட்டையின் அடி பிய்ந்து, சாறு இருக்கைகளுக்கு நடுவே ஓடி, ஒரு சீனப் பாட்டியின் செருப்பு ஒட்டிக்கொண்டது. பேருந்தை எப்படிச் சுத்தமாக வைத்திருக்க வேண்டும் என்று ஆயுள் முழுவதும் ஊருக்கு உபதேசம் செய்தவன், குனிந்து கைக்குட்டையால் துடைத்துக்கொண்டே வந்தேன். சர்க்கரை விஷயத்திலும் என் மூளை சும்மா இருக்கவில்லை. வகுப்பில் சொன்ன பழுப்புச் சர்க்கரையை விட குலா மலாக்கா இன்னும் இயற்கையானது என்று நானே முடிவுசெய்து, பனைவெல்லக் கட்டிகளாக வாங்கி, அளவுக்கு மேலேயே போட்டேன். கோலா பாட்டில்கள் எல்லாம் நிறைந்து ஸ்டோர் ரூமில் அணிவகுத்தன. தேதி எழுதி ஒட்டினேன். மூடியை மட்டும் திறக்கவில்லை. காற்றுப் போனால் சத்துப் போய்விடும் என்பது என் கணக்கு.

கொஞ்ச நாளில் வீடு முழுக்கக் கள்ளுக்கடை வாசம். யும்னா ஒரு நாள் கதவருகே வந்து தயங்கித் தயங்கி, "அங்கிள், தப்பா எடுத்துக்காதீங்க லா, உங்க வீட்ல ஏதாச்சும் காய்ச்சுறீங்களா?" என்று கேட்டாள். நான் அவளுக்கு நொதித்தல் பற்றி அரைமணி நேரம் விளக்கினேன். மங்களமோ வருகிறவர்களிடமெல்லாம் ஊறுகாய் போட்டிருக்கிறோம் என்று சொல்லி என் மானத்தைக் காத்துக்கொண்டிருந்தாள். சிராங்கூன் ரோட்டில் பூந்திக்கொட்டை வாங்கி வேகவைத்து, அந்தச் சாற்றில் என் வெள்ளைச் சட்டைகளை ஊறவைத்தேன், அவை தேத்தண்ணீர் நிறத்துக்குப் போயின. இனி இதுதான் இயற்கையான வெள்ளை என்றேன். வினிகரையும் சமையல் சோடாவையும் ஒரே புட்டியில் கலந்து மூடினேன், மூடி பறந்துபோய் விட்டத்தில் அடித்தது. எவ்வளவு வீரியம் பார்த்தாயா என்று ரக்ஷனாவுக்கு வீடியோ அனுப்பினால், ரெண்டும் சேர்ந்தால் கடைசியில் மிஞ்சுவது உப்புத் தண்ணீர் மாதிரிதான் அப்பா, அதை வைத்து எதையும் தேய்க்க முடியாது என்று பதில் வந்தது. பெண்பிள்ளையைப் படிக்கவைத்தால் இதுதான் பலன். மங்களம்தான் எல்லாவற்றையும் பின்னால் வந்து துடைத்துவிட்டுப் போனாள்.

இப்போது தரைக்கு வருகிறேன் மச்சான். அது என்ன தரை என்று உங்களுக்கே தெரியும். ரக்ஷனா கைக்குழந்தையாக இருக்கும்போது மங்களம் மின்னணுத் தொழிற்சாலையில் இரவு ஷிஃப்ட் பார்த்துச் சேர்த்த பணத்தில் போட்ட பளிங்கு. வீவக அடுக்குமாடி வீட்டுக்கு இதெல்லாம் எதற்கு, சாதாரண ஓடு போதாதா என்று நான் அப்போதே வாயைத் திறந்தேன். அவள் கேட்கவில்லை. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கடை கடையாக ஏறி இறங்கி, ஒவ்வொரு பலகையையும் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, மெல்லிய சாம்பல் வரி ஓடுகிற கற்களாகப் பொறுக்கி எடுத்தாள். எங்கள் வீட்டில் மேசை நாற்காலிக்கெல்லாம் காலுறை உண்டு என்று நீங்களே கேலி செய்திருக்கிறீர்கள். வந்தவர்கள் யாராவது தரையைப் பார்த்து, இப்போதுதான் போட்டீர்களா என்று கேட்டுவிட்டால் அன்றைக்கு எனக்குச் சாப்பாட்டில் ஒரு அப்பளம் கூடுதலாக விழும். அவள் தனக்கென்று ஆசைப்பட்டு வாங்கியது, எனக்குத் தெரிந்து, அது ஒன்றுதான்.

அந்த வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் பஜனை. மங்களம் பூ வாங்கத் தேக்காவுக்குப் போயிருந்தாள். அவள் வருவதற்குள் தரையை இயற்கை முறையில் பளபளக்க வைத்து அசத்திவிட வேண்டும் என்று எனக்கு ஒரு ஆசை வந்தது. பித்தளை விளக்கைப் புளியும் எலுமிச்சையும் போட்டுத் தேய்த்தால் தங்கம் மாதிரி ஆகிவிடுகிறதே, விளக்குக்கு நல்லது தரைக்குக் கெட்டதாகுமா என்று யோசித்தேன். ஒரு வாளியில் புளியைக் கரைத்து, எலுமிச்சை பிழிந்து, மூன்று மாதம் ஆக வேண்டிய என்ஸைமை மூன்றாவது வாரத்திலேயே திறந்து அதில் கவிழ்த்து, கூடம் முழுக்க ஊற்றி, நன்றாக ஊறட்டும் என்று உட்கார்ந்து செய்தித்தாள் படித்தேன். துடைத்துக் காய்ந்த பிறகு பார்த்தால் தரை முழுக்கத் திட்டுத் திட்டாக வெளிறிப்போய்க் கிடந்தது. அழுக்கு மேலே கிளம்பி வந்திருக்கிறது என்று நினைத்து இன்னும் கெட்டியாகக் கரைத்து மறுபடியும் ஊற்றினேன். புளிப்புப் பட்டால் பளிங்கு அரித்துப்போகும், அது அழுக்கில்லை, கல்லே போனது என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். அப்போது தெரிந்ததெல்லாம், மங்களம் லிஃப்ட்டில் ஏறிவிட்டேன் என்று போன் செய்தாள் என்பதுதான். ஸ்டோர் ரூமிலிருந்த பாய்களையெல்லாம் எடுத்துச் சுவருக்குச் சுவர் விரித்தேன். இன்றைக்கு எல்லாரும் இந்திய முறைப்படி பாயில் உட்காரட்டும் என்று அவளிடம் சொன்னேன். அவள் சந்தேகமாகப் பார்த்தாள், ஆனால் நேரமில்லை, பெண்கள் வந்துவிட்டார்கள்.

இரண்டாவது பாட்டு நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. மூன்றாவது பாட்டில் தாளம் தப்பத் தொடங்கியது. ஒரு அம்மா தொடையில் தட்டினார், இன்னொருவர் முதுகில் தட்டிக்கொண்டார், பக்தி முற்றிவிட்டது என்று நினைத்தேன். எறும்பு, மச்சான். நான் போட்ட குலா மலாக்கா முழுக்கத் தரையில் ஒட்டிக் கிடந்திருக்கிறது, இந்தப் புளோக்கில் உள்ள எறும்பு அத்தனையும் பாய்க்கு அடியில் கூடியிருந்தது. எல்லாரும் எழுந்து பாய்களை உதறினார்கள். பாய் போனதும் தரை தெரிந்தது. அந்த நேரம் பார்த்து ஸ்டோர் ரூமில் ஒரு பாட்டில் வெடித்தது. அது வெடித்த வேகத்தில் இன்னொன்று சாய்ந்து மூடி பறக்க, அன்னாசித் தண்ணீர் கதவு வழியாகக் கூடத்துக்குப் பீய்ச்சியடித்தது. கேஸ் என்று யாரோ கத்த, எல்லாரும் வெளியே ஓடினார்கள். ஆர்மோனியம் வாசிக்கிற அம்மா, அறுபதைத் தாண்டியவர், ஆர்மோனியத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு லிஃப்ட் வரைக்கும் ஓடிவிட்டார். அவரைத் திரும்ப அழைத்துவர யும்னா போக வேண்டியிருந்தது.

இதுவரை எழுதியதைப் படித்து நீங்கள் சிரித்திருந்தால் எனக்கு வருத்தமில்லை. மங்களமும் இதற்குச் சிரித்திருப்பாள். சிரிக்க முடியாதது இனிமேல்தான் வருகிறது. எல்லாரும் திரும்பி வந்ததும் ஒரு பெண், ஐயோ மங்களம், உன் தரைக்கு என்ன ஆச்சு என்று கேட்டார். மங்களம் குனிந்து ஒரு திட்டின் மேல் உள்ளங்கையை வைத்துத் தடவிப் பார்த்தாள். அத்தனை கண்களும் என் பக்கம் திரும்பின. என் பெயர் போய்விடுமே என்று எனக்கு ஒரு பயம். வாய் தானாகத் திறந்தது. "இத்தனை வருஷமா இவ பாட்டில் பாட்டிலா விஷத்த ஊத்தித் துடைச்சா, அதான் தரை கெட்டுப்போச்சு. நான்தான் இப்ப சரிபண்ணிக்கிட்டு இருக்கேன்" என்றேன்.

சொல்லிவிட்டேன் மச்சான். அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். கோபமாகக்கூடப் பார்க்கவில்லை. பிறகு எழுந்துபோய்க் கையைக் கழுவி, எல்லாருக்கும் சுண்டலும் கேசரியும் எடுத்துவைத்தாள், ஒவ்வொருவரையும் லிஃப்ட் வரை போய் வழியனுப்பினாள், பாத்திரம் கழுவினாள், ஸ்டோர் ரூமைத் துடைத்தாள். மறுநாள் காலையில் எனக்குக் காப்பி போட்டு வைத்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு, அண்ணன் வீட்டுக்குப் போறேன் என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டாள். எப்போது வருவாய் என்று கேட்கவும் எனக்குத் தைரியம் வரவில்லை.

தரை கெட்டது தெரியாமல் செய்தது. ஆனால் பழியை அவள் மேல் போட்டது தெரிந்தே செய்தது. அவளுடைய ஆட்கள் நடுவில், அவளுடைய தரையில் நின்றுகொண்டு, அவள் ஆயுள் முழுக்கப் பார்த்துப் பார்த்துச் செய்த வேலையைக் குப்பை என்று சொல்லிவிட்டேன். அதை நினைத்தால் ரொட்டிகூட இறங்க மறுக்கிறது. அதனால் என்னால் முடிந்ததைச் செய்தேன். பஜனைக்கு வந்த பெண்கள் ஒவ்வொருவருக்கும் போன் செய்து, தரையைக் கெடுத்தது நான்தான், மங்களத்தின் மேல் ஒரு தவறும் இல்லை என்று சொன்னேன். எல்லாரும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள், அதில் ஆர்மோனியக்கார அம்மா சொன்னதை மட்டும் எழுதுகிறேன். "எங்களுக்கு அப்பவே தெரியும் சார். எலுமிச்சை வாசம் உங்க கையிலதான அடிச்சுது." அப்படியென்றால் அன்றைக்கு நான் காப்பாற்றிக்கொண்டது எதை என்று எனக்கே விளங்கவில்லை.

கல் மெருகு போடுகிற ஒருவரையும் வரவழைத்துக் காட்டினேன். மேலாக ஒரு படலம் தேய்த்து எடுத்தால் பழையபடி வந்துவிடும், நாளைக்கே ஆரம்பிக்கலாம் என்றார். தரைக்குச் சொந்தக்காரி வந்து சொன்னால்தான் கை வைக்கலாம் என்று அனுப்பிவிட்டேன். யும்னாவிடம் போய் அந்த வெள்ளைப் பாட்டிலைத் திருப்பிக் கேட்டேன், பாதி இருந்தது, கொடுத்தாள். என்ஸைம் பாட்டில்கள் அத்தனையையும் ஒன்று விடாமல் கொட்டிவிட்டேன் என்று விநாயகர் மேல் ஆணையாக உங்களுக்கு எழுதிக்கொடுக்கிறேன். இனிமேல் இந்த வீட்டில் எதை எதால் துடைப்பது என்று மங்களம் சொல்வதுதான் சட்டம். நீங்கள் பெரியவர். அவள் உங்கள் பேச்சைத் தட்ட மாட்டாள். தயவுசெய்து நல்ல வார்த்தை சொல்லி அவளை அனுப்பிவையுங்கள். வீடு சுத்தமாகத்தான் இருக்கிறது மச்சான், யாருக்காக என்றுதான் தெரியவில்லை.

தங்கச்சிக்கு என் அன்பைச் சொல்லுங்கள். உங்கள் ரத்த அழுத்தம் கட்டுக்குள் இருக்கட்டும், நீங்கள் இரண்டு பேரும் பல்லாண்டு ஆரோக்கியமாக இருந்து, எங்களைப் போன்றவர்களைத் திட்டித் திருத்தும் பாக்கியத்தை ஆண்டவன் உங்களுக்குத் தரட்டும்.

இப்படிக்கு,
உங்கள் தங்கையை மணந்த பாக்கியத்தைப் பத்திரமாக வைத்துக்கொள்ளத் தெரியாத
கோவிந்தசாமி

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகிற நேரத்தில் மங்களத்திடமிருந்து போன் வந்தது. யாருக்கும் கேட்கக் கூடாது என்பது போல மெதுவாகப் பேசினாள். "அந்த அன்னாசித் தோல் தண்ணி மிச்சம் வெச்சிருக்கீங்களா?" என்றாள். மேலே ஆணையிட்டதை நீங்கள் மன்னிக்க வேண்டும், கட்டிலுக்கு அடியில் பெட்டிக்குப் பின்னால் இரண்டு இருக்கிறது என்றேன். நீங்கள் எல்லாவற்றையும் கொட்டியிருக்க மாட்டீர்கள் என்று தெரியும் என்றாள். நான் வெளியே போயிருந்த நேரங்களில் அடுப்பு மேடைக்கு அவளும் அதைத்தான் போட்டுத் தேய்த்தாளாம், பிசுக்கு நன்றாகப் போனதாம், சொன்னால் நான் லெக்சர் கொடுப்பேன் என்று சொல்லவில்லையாம். உங்கள் வீட்டுக் குளியலறை ஓட்டில் என்னவோ மஞ்சள் கறை இருக்கிறது, தங்கச்சி ஊற்றுகிற மருந்தில் கண் எரிகிறது, அண்ணியிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் என்னைக் கூப்பிட்டிருக்கிறாள். இதை நான் எழுதியதாக அவளிடம் காட்டிக்கொள்ளாதீர்கள். எழுதியதைக் கிழிக்க மனமில்லாததால் மாலையில் பாட்டில்களோடு நானே கொண்டுவந்து உங்கள் கையில் தருகிறேன், நாங்கள் கிளம்பிய பிறகு படியுங்கள். நாங்கள் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். போனை வைப்பதற்கு முன் அவள், "திரும்பி வர்றப்ப பைய நீங்கதான் தூக்கணும், எனக்கு இடுப்பு முடியல" என்றாள். எப்போதிலிருந்து என்று கேட்டேன். "தரை போட்ட வருஷத்துலேருந்து" என்றாள்.